வலப்பக்கம் ஒடியாத பத்மினி

பேத்தியைப் பார்க்க வந்த ஒரு மனிதர், பார்த்து முடித்ததும் என்ன செய்வார்? காபி குடிப்பார். குழந்தை யார் ஜாடை என்று ஒரு தீர்ப்புச் சொல்வார் – பெரும்பாலும் தன் பக்கத்து ஜாடை என்று. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொள்வார்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவரும் இதையெல்லாம் ஒழுங்காகவே செய்தார். காபி குடித்தார். “மூக்கு எங்கம்மா மூக்கு” என்றார். எழுந்தும் விட்டார். எழுந்தவர் வாசல் பக்கம் போகாமல் என் முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

“உங்க ஃபியட்டோட முன்பக்கத்தக் குடுப்பீங்களா?”

என் மனைவி மல்லிகா காலி டம்ளரும் கையுமாக அப்படியே நின்றாள். மகள் சுதா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர்கள் அதிர்ந்தது முன்பக்கத்துக்காக அல்ல. கேட்டவர் என் சம்பந்தி. என்னோடு ஒரு வருஷத்துக்கு மேலாக நேரடியாக ஒரு வார்த்தை பேசாதவர். அன்றைக்குக்கூட, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி, “அப்பா நல்லாருக்காராம்மா?” என்று என் மகளிடம்தான் விசாரித்தார்.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. “நல்லாருக்கேன்னு சொல்லும்மா” என்று மகள் மூலமாகவே பதில் அனுப்பினேன்.

சண்டை எதற்கு? சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பிளக்ஸ் போர்டுக்கு.

சுதா கல்யாணத்துக்கு மண்டப வாசலில் பெரிய பிளக்ஸ் வைத்திருந்தோம். எங்கள் தர்மபுரிப் பக்கம் பிளக்ஸ் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காது, கல்யாணம் நடக்குமா? நடுவில் மணமக்கள். சுற்றிலும் இரண்டு பக்கத்துச் சொந்தங்கள், கைகூப்பியபடி வரிசையாக. எல்லோரும் இருந்தார்கள். சம்பந்தியின் அண்ணன் மட்டும் இல்லை. அவர் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் கூலிங் கிளாஸ் போட்ட ஓர் ஆசாமி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை. வேறு யார் வீட்டுக் கல்யாணத்து விருந்தாளியோ! அச்சடித்த இடத்தில் போட்டோ மாறிப்போயிருந்தது.

அதை நான் கவனிப்பதற்குள் சம்பந்தி கவனித்துவிட்டார். மண்டப வாசலில், வந்தவர் போனவர் எல்லாம் கேட்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: “மருந்துக்கடைக்காரருங்க இல்ல? கேட்ட கம்பெனி மாத்தர இல்லீன்னா வேற கம்பெனிய எடுத்து நீட்டீருவாரு.”

எனக்கு மெடிக்கல் ஷாப் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். நான் சும்மா இருப்பேனா? “சரக்கு சரியா வந்திருந்தா நாங்க ஏங்க மாத்தறோம்?” என்றேன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. தாலி கட்டும்போது மேடையின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள்... எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் போய்த் திரும்பலாம்.

அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது முன்பக்கம் கேட்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஃபியட் நிற்கிறது. நிற்கிறது என்றால், நிற்பது மட்டும்தான் அதன் வேலை. இன்ஜின் ஜாம் ஆகி வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனால் இன்ஜின் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் முன்பக்க வேலை முழுவதும் பார்த்திருந்தேன். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், கிங்பின், ஸ்பிரிங், ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகிற கம்பிகள்... எல்லாம் புதுப்பெண் மாதிரி இருந்தன. “வர்ற பொங்கலுக்கு இன்ஜினை இறக்கிடணும்” என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எந்த வருஷத்துப் பொங்கல் என்றுதான் சொன்னதில்லை.

அரூர்ப் பக்கம் சம்பந்தி வீட்டில் ஒரு பத்மினி. ஃபியட்டுக்குப் பின்னால் வந்த மாடல். முகம், விளக்கு, டேஷ்போர்டு இவை கொஞ்சம் மாறியிருக்குமே தவிர, அடியில் குனிந்து பார்த்தால் எலும்பு ஒன்றுதான். அவர் வண்டியில் எல்லாமே என் வண்டிக்கு நேர் எதிர். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடும். ஆனால் முன்பக்கம் தேய்ந்து தொளதொளத்துவிட்டது. ஸ்டீயரிங்கைக் கால் வட்டம் சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதியே போகும். ஒருநாள் சிறுபாலத்துக் கட்டையில் இடது சக்கரம் மோதி, மிச்சமிருந்ததும் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டி ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

“புதுச் சாமானும் வர்றதில்லீங்க. டூப்ளிகேட்டு மாட்டுனா ஒரு மழைக்குத் தாங்கல. பையன் வித்துரலாங்கறான். இரும்புக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான்” என்றார் சம்பந்தி. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் பேசியது என்னிடம்.

“வித்துட்டு வேற நல்ல வண்டியா வாங்கிக்கலாமே” என்றேன். நானும் காலண்டரைப் பார்த்தே.

அவர் தோள் துண்டை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அப்புறம், “வேற வண்டில அவ வரமாட்டாளுங்க” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவர் சொன்னது சம்பந்தியம்மாவை.

சம்பந்தியம்மாவுக்குப் பஸ் ஏறினால் வாந்தி. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுகிற கார் என்றால் இன்னும் மோசம். கதவைச் சாத்தியதுமே தலை சுற்றும். இடுப்பில் டிஸ்க் கோளாறு இருப்பதால் பைக்கிலோ ஆட்டோவிலோ நெடுந்தூரம் குலுங்கிக்கொண்டு வரவும் முடியாது. மாத்திரை, எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய் – எதுவும் எடுபட்டதில்லை. அவர் நிம்மதியாகப் போய்வந்த ஒரே வண்டி அந்தப் பத்மினிதான். முன் கதவில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் வந்து அடிக்கும். அந்தக் காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு அவர் சேலம் வரைக்கும்கூடப் போய்வந்திருக்கிறார். வண்டி நின்ற நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் ஊர் எல்லையைத் தாண்டினார்.

பேத்தி பிறந்த சேதி கேட்டு, ஆனது ஆகட்டும் என்று பஸ் ஏறியிருக்கிறார். மொரப்பூர் வருவதற்குள் முடியாமல் போய், இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பாதி வழியில் திரும்பிப் போனவர்தான். குழந்தையை நாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமே என்றால், குறைமாசத்தில் பிறந்த குழந்தை. இப்போதைக்கு எங்கேயும் அலைக்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“போன்லதான் பாக்கறா. வீடியோ போட்டா போனுக்கே முத்தங் குடுக்கறா. ஸ்கிரீனெல்லாம் எச்சிங்க...” என்றார் சம்பந்தி. சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

உடனே “எடுத்துக்கோங்க” என்று சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான், “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது ஸ்வாமி. முன்பக்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் என் ஃபியட் இனி ஓடாது. இதுவரையிலும் ஓடவில்லைதான். ஆனால் ‘ஓடவில்லை’ என்பது வேறு, ‘இனி ஓடாது’ என்பது வேறு. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். மற்றவர்களுக்கு விளக்க முடியாது. மனைவிக்கு விளக்கவே முடியாது.

“எப்பத்தான் அதை ஓட்டப் போறீங்க? பேத்தி லைசென்ஸ் எடுத்து உங்களை உட்கார வெச்சு ஓட்டுவாளா?” என்றாள் மல்லிகா.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அரூரிலிருந்து வீடியோ கால். சுதா போனைக் குழந்தைக்கு நேராகப் பிடித்திருந்தாள். நான் பின்னால் நின்றிருந்தது சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. அவர் பேசவேயில்லை. நாக்கால் ‘ளொக் ளொக்’ என்று சத்தம் மட்டும் எழுப்பிக்கொண்டிருந்தார். குழந்தை சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. ஆனால் போன் ஒரு பக்கம், ஸ்பீக்கரின் சத்தம் சுவரில் பட்டு வேறு பக்கம்... குழந்தை ஜன்னலைப் பார்த்தது. “ஐயோ கண்ணு, ஆயா இங்க இருக்கேன்டா... இங்க பாரு, இங்க” என்று அந்த அம்மாள் திரைக்குள்ளிருந்து கையை ஆட்டினார்.

நான் ஷெட்டுக்குப் போய் ஃபியட்டின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்துவிட்டேன்.

“சம்பந்திகிட்ட சொல்லிடும்மா, எடுத்துக்கச் சொல்லி” என்று சுதாவிடம் சொன்னேன்.

“நீங்களே சொல்லுங்கப்பா. உங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல இனிமே நான் போஸ்ட்மேன் வேல பாக்க மாட்டேன்” என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

பேசினேன். கல்யாணத்துக்கப்புறம் எங்கள் முதல் போன் பேச்சு.

“எடுத்துக்கோங்க.”

“...சரிங்க.”

“மெக்கானிக்கு என் ஆளு.”

“வண்டி என் வண்டிங்க.”

“அதுவும் சரிதான்.”

என் ஆள் என்பவர் காரிமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அன்வர் பாய். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. எந்த வண்டியின் எந்தச் சாமான் எந்த வண்டியில் உட்காரும் என்று யோசிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பத்மினியை டிராக்டரில் கட்டி மெதுவாக இழுத்துவந்து அவருடைய ஒர்க்‌ஷாப்பில் விட்டார் சம்பந்தி. அடுத்த நாள் பாயும் சம்பந்தியும் ஒரு குட்டியானை வண்டியில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள், முன்பக்கத்தைக் கழற்ற.

பாய் ஃபியட்டை ஜாக்கியில் தூக்கி, கீழே படுத்து, நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தார். நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். சம்பந்தி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் போல்ட் ‘க்ரீச்’ என்று கழன்றபோது என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியவில்லை...

“பாய், கொஞ்சம் நிறுத்துங்க” என்றார். என் பக்கம் திரும்பினார். “ஏங்க, இப்பிடிச் செஞ்சா என்னங்க? என் இன்ஜின எடுத்து உங்க வண்டில போட்டுக்கலாம். உங்க வண்டியே ஓடட்டும். நமக்கு வேண்டியது ஒரு வண்டிதானே?”

நான் எதிர்பார்க்கவே இல்லை. “அது எப்படிங்க? உங்க வண்டி ஓடிட்டிருந்த வண்டி. அதுவே இருக்கட்டும்.”

“இல்லீங்க, உங்களது அதுக்கும் மூத்த வண்டி. அதுதான் இருக்கோணும்.”

“அட, நான் சொல்றதக் கேளுங்க...”

“நீங்க மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க...”

முந்தின வாரம் வரைக்கும் பேசாத இருவர் இப்போது ‘உங்களதே இருக்கட்டும்’ என்று மல்லுக்கட்டுகிறோம். வண்டிக்கு அடியிலிருந்து பாயின் குரல் வந்தது: “ரெண்டு சம்பந்தியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் ஒண்ணும் அவசரப்படல. படுத்துத்தான் இருக்கேன்.”

கடைசியில் முடிவு செய்தது நானும் இல்லை, அவரும் இல்லை. என் ஃபியட்டின் தரைதான். பாய் கீழேயிருந்து விரலால் ஒரு குத்துக் குத்தினார். விரல் உள்ளே, மிதியடிப் பக்கம் எட்டிப் பார்த்தது. “சார், இதுல ஏறி உக்காந்தீங்கன்னா நீங்களும் கூடவே ரோட்டுல நடந்து வரணும்” என்றார்.

அப்புறம் பேச்சில்லை. சாயங்காலத்துக்குள் முன்பக்கம் முழுவதும் குட்டியானையில் ஏறிவிட்டது. ஃபியட்டை ஹாலோ பிளாக் கற்களின் மேல் உட்கார வைத்தோம். பல் செட்டைக் கழற்றி வைத்த முகம் மாதிரி இருந்தது. நான் தார்ப்பாயை எடுத்தேன். மறு முனையைச் சம்பந்தி பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்துதான் போர்த்தினோம்.

காரிமங்கலம் ஒர்க்‌ஷாப்பில் பாய் சொன்னார்: “ரெண்டும் அக்கா தங்கச்சி வண்டிங்க. அப்படியே ஒக்காந்துரும்.”

இந்த ‘அப்படியே’ இருக்கிறதே, மெக்கானிக் வாயிலிருந்து வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வார்த்தை. சஸ்பென்ஷன் உட்கார்ந்தது, நடுவில் மெல்லிசாய்ச் சில தகடுகள் வைத்த பிறகு. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்தது, ஓட்டையை லேசாக ராவிய பிறகு. எல்லாம் மாட்டி வண்டியைக் கீழே இறக்கியதும் பாய் முன்னால் போய் நின்று பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“என்ன பாய்?”

“ஒரு சக்கரம் தர்மபுரிக்குக் கெளம்பிருச்சு சார். இன்னொண்ணு கிருஷ்ணகிரிக்குப் போவுது.”

சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒரே ஊருக்குப் போக வைத்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக் கதை பேசிக்கொண்டே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தோம். ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதே, அதையும் இறுக்கிவிடுங்களேன் என்று சம்பந்தி சொன்னதற்குப் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “கொஞ்சூண்டு இருக்கணுங்க. சுத்தமா டைட் வெச்சா வளைவுல கைய ஒடிச்சுரும்” என்றார். அவர் வண்டிக்குத்தான் சொன்னார். ஏனோ நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“சும்மா நேராப் போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க. நான் டீ குடிச்சிட்டு நிக்கறேன்” என்று பாய் அனுப்பி வைத்தார். சம்பந்தி ஓட்ட, நான் பக்கத்தில். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டேன். அடடா... என்ன காற்று! வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பள்ளத்தில் இறங்கி ஏறியதுகூடத் தெரியவில்லை. சம்பந்தி ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளை மாதிரிச் சிரித்தார். “உங்க சாமான் சாமான்தானுங்க!”

ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷத்தில் பாய் சொன்ன ‘நேரா’ மறந்துவிட்டது. இடப்பக்கம் ஒரு தெருவில் திரும்பினோம். அழகாகத் திரும்பியது. இன்னொரு இடப்பக்கம். அதுவும் அழகு. அப்புறம் ஒரு முனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. சம்பந்தி ஸ்டீயரிங்கைச் சுற்றினார். பாதியில் ‘டக்’ என்று நின்றுவிட்டது. இன்னும் பலமாகச் சுற்றிப் பார்த்தார். ஊஹூம்.

“ஒடியலீங்க.”

“இன்னும் கொஞ்சம் ஒடிங்க.”

“இதுக்கு மேல ஒடிச்சா கைதாங்க ஒடியும்.”

வண்டி வலப்பக்கம் கொஞ்சமாய்ச் சாயும், அவ்வளவுதான். முழுசாகத் திரும்பாது. பின்னால் ஒரு லாரி ஹாரன். என்ன செய்ய? “இடப்பக்கமே போங்க. இடப்பக்கமாவே சுத்திக்கிட்டு வந்தாப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துடலாம்” என்றேன். கணக்குப்படி நான் சொன்னது சரி. ஆனால் அன்றைக்குக் காரிமங்கலத்தில் சந்தை நாள் என்பது என் கணக்கில் வரவில்லை.

அடுத்த இடப்பக்கம் எங்களை நேராகச் சந்தைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. முன்னால் ஆட்டுக் கூட்டம். இடப்பக்கம் புளி மூட்டை, ஆடுகளுக்கு அந்தப் பக்கம் வழியை அடைத்தபடி தக்காளிக் கூடை. பின்னால் போகலாம் என்றால் எங்களுக்குப் பின்னாலேயே ஒரு வெங்காய வண்டி வந்து அடைத்துக்கொண்டது. வலப்பக்கம் மட்டும் ஒரு சந்து, தாராளமாகத் திறந்து கிடந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது என்றே சொல்லலாம்.

தக்காளிக்காரம்மா எழுந்து வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். “என்னங்க, கூடையோட ஏத்திக் கொல்லப் பாக்கறீங்களா? அந்தாண்ட சோத்தாங்கைப் பக்கம் அவ்வளவு எடங் கெடக்குது, ஒடிங்க!”

“ஒடியாதும்மா” என்றார் சம்பந்தி பரிதாபமாக.

“ஒடியாத வண்டிய ஏன் எடுத்தாந்தீங்க?”

“வண்டி என்னுது. ஸ்டீயரிங்கு எங்க சம்பந்தியோடது. அவரக் கேளுங்க.”

“அடேங்கப்பா! ஒரு வண்டில ரெண்டு சம்பந்தியா? அப்புறம் அது எந்தப் பக்கந்தான் போவும்?” என்றார் அந்த அம்மாள்.

சந்தையே சிரித்தது. நான் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் ஒரு கூட்டம், மறுபடியும் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்... மண்டப வாசல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஆடுகள் போய் முடிகிற வரை நகர முடியாது. இன்ஜினை நிறுத்தினார். சிரிப்பு அடங்கியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “அந்தப் பிளக்ஸு இருக்குதுங்களே... எங்கண்ணன் அதுக்குன்னே ஸ்டுடியோவுக்குப் போனாருங்க. புதுச் சட்ட எடுத்து, மீசைக்கு டை அடிச்சு. வாழ்க்கைல மொத மொதல்ல பிளக்ஸுல வரப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டாரு. ஊருலேருந்து வேன்ல வந்தவங்க எல்லாம் எறங்குனதும் அவரு போட்டோவத்தான் தேடுனாங்க. அவரு யாருகிட்டயும் பேசாம, பின்னாடி போயி செருப்பு வெக்கற எடத்துல நின்னுக்கிட்டாரு. அதப் பாத்துட்டுத்தாங்க நான் உங்ககிட்ட வந்தேன்.”

எனக்கு இது எதுவுமே தெரியாது. ஒரு போட்டோ விட்டுப்போனதற்கு இவ்வளவு கோபமா என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“தெரியாதுன்னு எனக்கும் அப்புறந்தான் தோணுச்சு. அதுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. நின்னு போன வண்டியக் கெளப்பறது செரமங்க.”

அப்புறம் நான் கேட்டேன்: “மருந்துக்கடைய எதுக்குங்க இழுத்தீங்க?”

“அது வாயில வந்துருச்சுங்க. ஆனா...” என்று இழுத்தார். “நல்லாத்தானே இருந்துச்சு?”

நல்லாத்தான் இருந்தது. மறுப்பதற்கில்லை. இத்தனை நாள் கழித்து, தக்காளிக் கூடைக்கும் புளி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்த ஜோக்குக்கு நான் முதல் முறையாகச் சிரித்தேன்.

ஆடுகள் போய்விட்டன. தக்காளிக்காரம்மா சும்மா இருக்கவில்லை. சந்தைக்கு வந்த ஆம்பளைகளைக் கூப்பிட்டு, “வெட்டியா நின்னு வேடிக்க பாக்காம, அந்த வண்டி மூஞ்சியத் தூக்கி அந்தாண்ட வைங்கப்பா” என்று உத்தரவு போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிலர் வந்தார்கள். பம்பரைப் பிடித்து, ‘ஏலே... இந்தா... தூக்கு’ என்று ஒரு குரல் கொடுத்து, பத்மினியின் முகத்தைத் தூக்கி வலப்பக்கமாக வைத்துவிட்டார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தோம். இறங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சந்து வழியாக நேரே போய், இடம், இடம் என்று திரும்பி, ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தோம்.

பாய் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் டிராப் ஆர்ம் என்கிற கையை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். அவ்வளவுதான். நடுவில் நிற்க வேண்டியது ஓரமாக நின்றுவிட்டது. அதனால் ஒரு பக்கம் தாராளம், மறுபக்கம் கஞ்சம். “மாட்டும்போது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தீங்களா, நானும் கத கேட்டுக்கிட்டே மாட்டிட்டேன்” என்றார். ஒரு பல் நகர்த்தி மாட்டியதும் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தது. பாய் இந்த முறை தானே ஓட்டிப் பார்த்து, மேடு பள்ளம் எல்லாம் ஏற்றி இறக்கி, பிரேக் போட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தெருமுனையில் பத்மினி ஹாரன் கேட்டது. வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். முன் சீட்டில் சம்பந்தியம்மா. தலைமுடி எல்லாம் காற்றில் பறந்து, முகமெல்லாம் தூசி. வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. இறங்கியவர் எங்களிடம் “நல்லாருக்கீங்களா?” என்றுகூடக் கேட்கவில்லை. குழாயடிக்குப் போனார். முகம், கை, கால் எல்லாம் கழுவினார். புடவைத் தலைப்பில் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“போன்ல பாத்ததுக்கு ரொம்பச் சின்னதா இருக்குதே...” என்றார் மெதுவாக. அப்புறம் குனிந்து, மோந்து பார்த்தார். அவ்வளவுதான், அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. சுதா குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஷெட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது மல்லிகா என்னைப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க, வருத்தமா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். என் வண்டியின் முன்பக்கம் இப்போது அரூருக்கும் தர்மபுரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷெட்டில் நிற்கும்போது அது என்னுடையதாக மட்டும் இருந்தது. இப்போது ஒரு பாட்டியைப் பேத்தியிடம் கொண்டுவருகிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? இருந்தாலும், “கொஞ்சம்” என்றேன். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. மனைவியிடம் பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

உறவுகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பேசித் தீர்க்கலாம் என்று எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தீராது. கையில் ஆளுக்கொரு ஸ்பேனர் இருக்க வேண்டும், கண் வேறெங்கோ இருக்க வேண்டும், முன்னால் ஒரு ஆட்டுக் கூட்டம் வழியை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது வாய் தானாகத் திறக்கிறது. கல்யாண மண்டபத்தில் இந்த வசதி எல்லாம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தியிடமிருந்து போன். “வண்டில ஒரு சத்தம் வருதுங்க. எனக்கு என்னன்னு புடிபடல. கொஞ்சம் கெளம்பி வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும்” என்றார். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? டார்ச் பிடிக்கத் தெரியும். அதைச் சொல்லவும் சொன்னேன். “இல்லீங்க, நீங்க வந்தாத்தான் ஆவும்” என்று ஒரே பிடிவாதம். பதறிக்கொண்டு பஸ் பிடித்து அரூர் போய் இறங்கினேன். இன்ஜினைக் கிளப்பினோம். ஊரைச் சுற்றினோம். வலப்பக்கம் திருப்பினோம், இடப்பக்கம் திருப்பினோம், நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டோம்.

சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் எனக்கு இலை போட்டிருந்தது.